எந்தச் செல்லில், எப்போது?

எம்.ஆர்.ஐ. படத்தில் மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் தெரியும் சாம்பல் நிறத் திட்டைக் காட்டி, "பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி இருக்கு, பயப்படாதீங்க, புற்றுநோய் இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "இது யார் வழியா வந்துச்சு டாக்டரம்மா?" கேட்பது அநேகமாக நோயாளியாக இருக்காது. கூட வந்த மாமியார் கேட்பார், இல்லையென்றால் பெரியப்பா கேட்பார். பதில் யார் தலையில் விழப்போகிறதோ அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அது நோயாளியின் அம்மா.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் என் தொழில். சர்க்கரையும் தைராய்டும்தான் ஓ.பி.யை நிரப்பும். பிட்யூட்டரிக் கட்டிகள் நடுநடுவே வரும். அரை கிராம் எடை தேறும் ஒரு சுரப்பி. உயரம், மாதவிடாய், தாய்ப்பால், ஆண்மை, தைராய்டு, அட்ரீனல் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் உத்தரவு போகிறது. பிரேதப் பரிசோதனைகளையும் ஸ்கேன்களையும் தொகுத்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினேழு பேருக்கு இந்தச் சுரப்பியில் சிறு கட்டியாவது இருப்பதாகச் சொன்னது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க வாயே திறப்பதில்லை. தொந்தரவு கொடுத்து வைத்தியத்துக்கு வருவது சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று 2006-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஊர் ஊராகக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். அப்படி வருபவர்களிலும் குடும்பத்தோடு தொடர்புள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான்.

கட்டி என்றால் அதன் அடியில் மரபணுக் கோளாறு இருக்கும். மரபணுக் கோளாறு எல்லாம் பரம்பரை நோய் ஆகிவிடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துச் சொல்லி, இரண்டாவதை நம்ப வைப்பதில்தான் என் நேரம் பாதி போகிறது. பிழை எந்தச் செல்லில் நடந்தது, எப்போது நடந்தது என்பது தெரிந்தால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடலாம்.

வளர்ச்சி ஹார்மோன் மிகுந்து வரும் அக்ரோமெகலியில் தொடங்குகிறேன். 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி இந்தப் பெயரை வைத்தார். நம்மிடம் வருபவர் அதற்கென்று வருவதில்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று வருவார். குறட்டை தாங்கவில்லை என்று மனைவி கூட்டி வருவார். விரலைப் பார்த்தால் மோதிரம் இருந்த தடம் மட்டும் இருக்கும். கேட்டால், "கழலவே மாட்டேன்னுடுச்சு, பத்தர்கிட்ட போய் அறுத்துத்தான் எடுத்தோம்" என்பார்கள். செருப்பு ஏழாம் நம்பரிலிருந்து ஒன்பதுக்குப் போயிருக்கும். தினமும் பார்க்கிற வீட்டாருக்கு முகம் மாறியது தெரியாது. பல வருடம் கழித்துத் துபாயிலிருந்து வந்த மச்சான்தான் "என்னய்யா இப்படி ஆயிட்டே" என்று கேட்டிருப்பார். அதனால் அடுத்த முறை வரும்போது கல்யாண ஆல்பத்தையும் பழைய டிரைவிங் லைசென்ஸையும் கொண்டுவரச் சொல்வேன். மேசையில் பரப்பி வைத்தால் மூக்கு தடித்ததும் கீழ்த்தாடை முன்னால் வந்ததும் வருடவாரியாகத் தெரியும். பிறகு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் ரத்தம் எடுப்போம். சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் இறங்க வேண்டும். இவர்களுக்கு இறங்காது.

அறுவை சிகிச்சை மூக்கு வழியாக. எண்டோஸ்கோப் திரையில் எலும்பை விலக்கி, உறையைக் கீறியதும் கட்டி தானாகப் பிதுங்கி வரும். வெளிர் சாம்பல் நிறம், சுரண்டி எடுக்கும் அளவுக்கு மென்மை. ஒரு துண்டு ஃபார்மலினில் பேத்தாலஜிக்குப் போகும். எந்த வகைச் செல்லிலிருந்து கட்டி கிளம்பியது என்பதை பிட்-1, டி-பிட், எஸ்.எஃப்.-1 என்ற மூன்று புரதங்களுக்குச் சாயமேற்றி அங்கே சொல்வார்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும் என்பதால், மரபணு பார்க்க வேண்டுமானால் இன்னொரு துண்டை உடனே உறைய வைக்க வேண்டும். அதோடு அதே நோயாளியின் ரத்தமும் ஊதா மூடிக் குழாயில் போக வேண்டும். இந்த ஊதா மூடிக் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் அருமை பின்னால் தெரியும்.

மரபணு வரிசை கம்ப்யூட்டரில் நான்கு நிற அலைகளாக வரும். ஏ பச்சை, சி நீலம், ஜி கறுப்பு, டி சிவப்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முகடு. அக்ரோமெகலிக் கட்டியில் ஜி.என்.ஏ.எஸ். என்ற மரபணுவின் 201-ஆவது இடத்துக்கு வரும்போது, சில பேருக்கு ஒற்றை நீல முகடு இருக்க வேண்டிய இடத்தில் நீலமும் சிவப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். ஒரு பிரதியில் சி, இன்னொன்றில் டி. அந்த ஓர் எழுத்தால் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே ஆளின் ரத்தத்தில் அதே இடத்தைப் பாருங்கள்: சுத்தமாக ஒற்றை நீலம்.

இந்தப் புரதத்தின் வேலை, மூளையிலிருந்து "ஹார்மோன் விடு" என்ற தகவல் வந்ததும் செல்லுக்குள் அதைக் கடத்துவது. கடத்திய சில நொடிகளில் தன்னைத்தானே அணைத்துக்கொள்வது. மாறிய புரதத்துக்கு அணைக்கத் தெரியாது. டேங்க் நிரம்பி வழிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும் மோட்டார் அது. செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப் பொருள் குவிகிறது; ஹார்மோனும் சுரந்துகொண்டே இருக்கிறது, செல்லும் பிரிந்துகொண்டே இருக்கிறது. அக்ரோமெகலிக் கட்டிகளில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தில் இந்தப் பிழை இருக்கிறது என்பது 1989 முதல் தெரியும். அடுத்த வருடமே, ஒரு பிட்யூட்டரிக் கட்டியின் செல்கள் எல்லாம் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் என்பதும் நிரூபணமானது. ஒரு மனிதரின் முப்பதாவது வயதிலோ நாற்பதாவது வயதிலோ, கோடிக்கணக்கான செல்களில் ஒன்றில், பிரதி எடுக்கும்போது ஓர் எழுத்து மாறியது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதில் பங்கில்லை. பிள்ளைக்கும் அது போகாது.

குஷிங் நோயிலும் கதை இப்படித்தான். முகம் உப்பி, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழுந்து ஒரு பெண் வந்தால், எங்கள் முதல் வேலை மாத்திரைக் கவரைக் கேட்பது. மூட்டுவலிக்கும், "சதை போட"வும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தின்னும் ஸ்டீராய்டும், பெயர் தெரியாத பொடிகளில் கலந்திருக்கும் ஸ்டீராய்டும்தான் நம் ஊரில் இந்த உருவத்துக்கு முதல் காரணம். அது இல்லையென்று உறுதியான பிறகே பிட்யூட்டரிக்குப் போவோம். அந்தக் கட்டிகளில் யு.எஸ்.பி.8 என்ற மரபணுவில் பிழை இருப்பதை 2015-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு குழுவும் சீனாவிலிருந்து ஒரு குழுவும் தனித்தனியே சொன்னார்கள். ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும் 35 முதல் 60 சதவீதக் கட்டிகளில் அது கிடைக்கிறது. செல், தனக்கு வேண்டாத புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி அழிக்க அனுப்பும். யு.எஸ்.பி.8 அந்த அடையாளத்தைக் கழற்றிவிடும் என்சைம். பிழையானது அளவுக்கு மீறிக் கழற்றுகிறது. அழிய வேண்டிய வளர்ச்சி ஏற்பிகள் செல்லின் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து, அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஏற்றிவிடுகின்றன. இதுவும் கட்டியில் மட்டும். ரத்தத்தில் தேடினால் இருக்காது.

எண்ணிக்கையில் முதலிடம் புரோலாக்டின் கட்டிக்கு. ஆனால் மூலக்கூறு அளவில் நெடுநாள் நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்ததும் அதுதான். காரணம், மருந்து நன்றாக வேலை செய்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிகிறது என்று, கதவைச் சாத்திய பிறகு தாய் மெல்லச் சொல்லும் நோய் இது. வாரத்துக்கு இரண்டு முறை கேபர்கோலின் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் கட்டி சுருங்கி, மாதவிடாய் திரும்பிவிடும். கத்தி வைக்க வேண்டியதில்லை என்பதால் பரிசோதனைக்கூடத்துக்குத் துண்டு போவதில்லை. அறுவை செய்து எடுத்த கட்டிகளைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில், ஐந்தில் ஒன்று அளவில் எஸ்.எஃப்.3பி.1 என்ற மரபணுவில் ஒரே இடத்தில் பிழை இருப்பது 2020-இல்தான் வெளியானது.

இந்த விவரங்கள் எல்லாம் ஆராய்ச்சிக்காரர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். என் நோயாளி ஒருவர், இருபத்தைந்தை எட்டிய இளைஞர், கட்டி எடுத்த பிறகு ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் மரபணு ரிப்போர்ட் வாங்கினார். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் "நோய் உண்டாக்கும் மரபணு மாற்றம் உள்ளது" என்று இருந்தது. எடுத்த மாதிரி கட்டித் திசு என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வீட்டில் கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகன் அதை வாசித்துக் கூகுளில் தேடினான். பேச்சு பரவியது. அந்த இளைஞரின் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்பா, மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். மகனும் சம்மதம் சொல்லி உடன் வந்திருந்தார். நான் இளைஞரின் ரத்தத்தையும் பரிசோதித்து, இரண்டு அலைப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தாய்மாமன் அரிசி ஆலை நடத்துபவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "அப்போ இந்தச் சிவப்பு, கட்டியோட போயிடுச்சு?" என்றார். "போயிடுச்சு." "பையன் ரத்தத்துலயே இல்லைன்னா, பொண்ணுக்கு எங்கேருந்து வரும்?" நான் அரை மணி நேரம் விளக்க நினைத்திருந்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இருந்தாலும் அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. ஊரில் ஒரு முறை பேச்சு கிளம்பிவிட்டால் அலைப் படத்தை வைத்து அடக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அன்று முதல், எந்த மரபணு ரிப்போர்ட் என் மேசைக்கு வந்தாலும், அதன் தலைப்பில் தமிழில் என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்: "இது கட்டியில் பார்த்தது. குடும்பத்தாருக்குப் பொருந்தாது." அல்லது, "இது ரத்தத்தில் பார்த்தது. நேரில் வந்து பேசவும்."

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. கருவில் சில செல்கள் மட்டுமே இருக்கும் கட்டத்தில் அதே ஜி.என்.ஏ.எஸ். பிழை நடந்துவிட்டால், அந்தச் செல்லிலிருந்து கிளைத்த திட்டுகள் மட்டும் உடம்பில் பிழையோடு இருக்கும். தோலில் ஓரம் ஒழுங்கற்ற காப்பி நிறத் தேமல், எலும்பில் பலவீனம், சிறு பெண் குழந்தைக்கு வயதுக்கு முன்பே மாதவிடாய், சில பேருக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகுதி. மெக்கூன்-ஆல்பிரைட் என்பது பெயர். ரத்தத்தில் தேடினால் சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. இதுவும் தாய் தகப்பனிடமிருந்து வந்ததில்லை, பிள்ளைக்கும் போவதில்லை. இன்னொரு அபூர்வ வகையில், எக்ஸ் குரோமோசோமில் ஜி.பி.ஆர்.101 என்ற மரபணு இருக்கும் துண்டு இரட்டிப்பாகி, குழந்தை இரண்டு வயதுக்குள்ளேயே அளவுக்கு மீறி வளரத் தொடங்கும். 2014-இல் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் பெற்றோரின் ரத்தம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது.

சரி, குடும்பத்தில் வருவது எப்படி இருக்கும்? இதற்கு அயர்லாந்துக்குப் போக வேண்டும். சார்லஸ் பிர்ன் என்ற இளைஞர் 1780-களில் லண்டனில் தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்தவர், சுமார் 2.31 மீட்டர். 1783-இல், 22 வயதில் இறந்தார். தன்னைக் கடலில் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஜான் ஹன்ட்டர் என்ற அறுவை மருத்துவர் காசு கொடுத்து உடலைக் கைப்பற்றி, எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். 1909-இல், குஷிங் நோய்க்குப் பெயர் தந்த ஹார்வி குஷிங் அந்த மண்டை ஓட்டைத் திறந்து பார்க்கச் செய்து, பிட்யூட்டரி இருந்த குழி விரிந்திருப்பதைக் கண்டார். 2011-இல் லண்டனில் மார்த்தா கோர்போனிட்ஸின் குழு, பிர்ன்னின் இரண்டு பற்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஏ.ஐ.பி. என்ற மரபணுவில் பிழையைக் காட்டியது. 304-ஆவது இடத்தில் சி என்பது டி ஆகி, புரதம் முழுமையடையும் முன்பே நின்றுவிடுகிறது. வட அயர்லாந்தில் இன்று சிகிச்சையில் இருக்கும் சில குடும்பங்களிலும் எழுத்துப் பிசகாமல் அதே பிழை. அவர்களுக்கும் பிர்ன்னுக்கும் பொதுவான மூதாதை 57 முதல் 66 தலைமுறைக்கு முன், அதாவது சுமார் 1,500 வருடங்களுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அருங்காட்சியகம் 2023-இல் மீண்டும் திறந்தபோது எலும்புக்கூட்டைக் காட்சியில் வைக்கவில்லை.

இந்த ஏ.ஐ.பி. மரபணுவுக்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது 2006-இல், வடக்கு ஃபின்லாந்துக் குடும்பங்களில். வம்சாவளிப் பதிவுகளைப் பின்தொடர்ந்து லௌரி ஆல்ட்டோனனின் குழு அதைப் பிடித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வட அயர்லாந்தின் மத்திய அல்ஸ்டர் பகுதியில் இன்று 150 பேரில் ஒருவர் பிர்ன்னின் அந்தப் பிழையைச் சுமக்கிறார். அங்கே 150-க்கு ஒருவர் ராட்சதராக இல்லை. சுமப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் கட்டி வருகிறது. மற்றவர்கள் சராசரி உயரத்தில், தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். ஏனென்றால் பிறவியில் வருவது ஒரு பிரதியின் பிழை மட்டுமே. நல்ல பிரதி ஒன்று ஒவ்வொரு செல்லிலும் காவலுக்கு இருக்கிறது. பிட்யூட்டரியில் ஏதோ ஒரு செல்லில் அதுவும் தொலைந்தால்தான் கட்டி. அலைப் படத்தில் இது ஜி.என்.ஏ.எஸ். கதைக்கு நேர் எதிர். ரத்தத்திலேயே நீலமும் சிவப்பும் சம உயரத்தில் நிற்கும்; கட்டிக்குப் போனால் நீலம் தேய்ந்து, சிவப்பு மட்டும் ஓங்கி நிற்கும்.

நம் ஊரில் குடும்ப வகை என்றால் நான் முதலில் தேடுவது மென்-1. 1997-இல் சந்திரசேகரப்பா முதன்மை ஆசிரியராக இருந்த அமெரிக்கக் குழு கண்டுபிடித்த மரபணு. பாராதைராய்டு, கணையம், பிட்யூட்டரி மூன்றிலும் கட்டிகள் வரலாம். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த பரிசோதனையில் தொடங்க வேண்டியதில்லை. ரத்தத்தில் கால்சியம் போதும். "உங்க குடும்பத்துல யாருக்காவது பிட்யூட்டரிக் கட்டி இருந்துச்சா?" என்று கேட்டால் எல்லோரும் தலையை ஆட்டி மறுப்பார்கள். "யாருக்காவது கல்லடைப்பு?" என்று கேட்டால் பேச்சு மாறும். "எங்க அப்பாவுக்கு மூணு தடவை கல் எடுத்தாங்க." "சித்தப்பாவுக்கு அல்சர், ரத்த வாந்தி எடுத்துத்தான் போனார்." பாராதைராய்டு கெட்டால் கால்சியம் ஏறிக் கல் வரும், கணையக் கட்டி சுரக்கும் ஹார்மோனால் அல்சர் வரும். யாருமே ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காத நோய்கள், ஒரே மரத்தின் கிளைகளாகத் தாளில் வந்து நிற்கும்.

அந்த இடத்தில் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும். "சொந்தத்துல கட்டினதாலயா டாக்டரம்மா?" அக்கா மகளைக் கட்டியவரும் மாமன் மகனைக் கட்டியவளும் குற்றவாளிகளைப் போல நிற்பார்கள். இதற்கு என் பதில் உறுதியானது: இல்லை. இரண்டு பக்கமும் பிழை சேர்ந்தால் வரும் நோய்களுக்குத்தான் சொந்தத் திருமணம் காரணமாகும். மென்-1, ஏ.ஐ.பி. இரண்டும் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். அசலூரில் பெண் எடுத்திருந்தாலும் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு அதே பாதிக்குப் பாதிதான்.

எல்லோருக்கும் மரபணு பார்க்கச் சொல்வதில்லை. ஐம்பது வயதில் தனியாக ஒரு கட்டியோடு வருபவருக்குப் பணத்தை விரயமாக்க மாட்டேன். முப்பது வயதுக்குள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, சிறுவயதில் அசாதாரண வளர்த்தி, கால்சியம் மிகுதி, உறவில் இன்னொருவருக்கு இதே கட்டி: இவற்றில் ஒன்று இருந்தால் ரத்தம் எடுப்போம். உறவில் இருவருக்குக் கட்டி இருந்தாலும் ஐந்தில் நான்கு குடும்பங்களில் ஏ.ஐ.பி. கிடைப்பதில்லை. "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்றொரு வரியோடு ரிப்போர்ட் வருவதும் உண்டு. உலகத் தரவுத் தொகுப்புகளில் நம் மக்களின் மரபணுக்கள் குறைவு என்பதால் நம்மவர்களுக்கு இந்த வரி அடிக்கடி வருகிறது. அதை வைத்து யாருக்கும் வைத்தியத்தை மாற்றக் கூடாது, யாரையும் பயமுறுத்தவும் கூடாது.

ஏ.ஐ.பி. உறுதியானால் வைத்தியத்தில் உடனே ஒரு மாற்றம் உண்டு. அந்தக் கட்டிகள் ஆக்ட்ரியோடைடு போன்ற ஊசிகளுக்குச் சரியாக மசிவதில்லை; அறுவையையும் அடுத்த மருந்தையும் முன்கூட்டியே யோசிக்கலாம். பிறகு பிள்ளைகள். தகப்பனுக்கு ஏ.ஐ.பி. இருந்தால் மகளுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. வந்திருந்தாலும் கட்டி வருவது ஐந்தில் ஒருவருக்கு. பெருக்கிப் பார்த்தால் பத்தில் ஒன்று. இந்தக் கணக்கை நான் வாயால் சொல்வதோடு நிறுத்துவதில்லை. தாளில் பத்துப் பெண் குழந்தைகளை வரைந்து, ஐந்து பேரைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த ஐந்தில் ஒருத்தியின் தலையில் மட்டும் புள்ளி வைத்துக் கொடுக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் பிழை இல்லாத பிள்ளைக்கு அன்றோடு பயம் விட்டது. மறுபடி வர வேண்டியதே இல்லை. பிழை உள்ள பிள்ளைக்கு வருடம் ஒரு முறை உயரமும் ஹார்மோன் அளவும், இடையிடையே ஸ்கேனும் பார்ப்போம். இப்படித் தேடிப்போய்ப் பிடிக்கும் கட்டிகள், தானாகத் தலைவலியும் பார்வைக் குறைவுமாக வெளிப்படுகிறவற்றைவிடச் சிறியவை; வைத்தியத்துக்கும் எளிதில் கட்டுப்படுகின்றன. முப்பது வயதைத் தாண்டியும் ஒன்றும் இல்லையென்றால் வருகைகளைக் குறைத்துவிடலாம். மென்-1 குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் ஆயுள் முழுக்க வர வேண்டும், அதையும் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.